பஸ்ஸைப் பார்க்காமல் கையைத் தூக்குவது

எங்கள் ஊரில் பஸ் நிற்க வேண்டுமானால் கையை பாலே நடன முறைப்படி தூக்க வேண்டும். கை முதுகிலிருந்து கிளம்பி, தொப்புளுக்கு நேராக வந்து, அங்கிருந்து மேலே போய்ப் பக்கவாட்டில் திறக்க வேண்டும். முழங்கை தொங்கக் கூடாது. மணிக்கட்டு மடங்கக் கூடாது. விரல்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டும். தலை கையோடு கூடவே திரும்ப வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் பஸ் நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும். மற்றபடி கரட்டுப்புதூர் எல்லா ஊர்களையும் போலத்தான். செவ்வாய்க்கிழமை சந்தை கூடும்.

தப்புக்குத் தகுந்த பலன் உண்டு. முழங்கை தொங்கினால் பஸ் மெதுவாகும், நிற்காது. மணிக்கட்டு மடங்கினால் புளியமரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். நாம் ஓடிச் சேர்வதற்குள் கிளம்பிவிடும். கட்டைவிரல் தனியாக விறைத்துக்கொண்டு நின்றால் பின்கதவு மட்டும் திறக்கும். கையை வெடுக்கென்று வீசினால் டிரைவர் கோபித்துக்கொண்டு மறுநாளும் நிறுத்த மாட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் பஸ் நிற்கும், ஆனால் உள்ளே டிரைவர் உட்பட யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் பழைய போஸ்ட்மாஸ்டர் அப்படி நின்ற ஒரு பஸ்ஸில்தான் ஏறிப் போனார். சௌக்கியமாக இருப்பதாகப் பொங்கலுக்குப் பொங்கல் கார்டு போடுகிறார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நிறுத்தியவர் ஏறியே ஆக வேண்டும். நிறுத்திவிட்டு ஏறாமல் நிற்பது, பந்தியில் உட்கார்ந்துவிட்டு இலையை மூடுவதற்குச் சமம். போக வேலை இல்லாவிட்டாலும் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்துவிட வேண்டும்.

என் பெயர் தணிகாசலம். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறேன். எங்கள் பக்கம் ஓடும் மொபெட், டிராக்டர், மினி லாரி, பஸ் எல்லாவற்றின் பின்னாலும் இருப்பது என் எழுத்துத்தான். என் 8-க்கு இடுப்பு இருக்கும். இடுப்பில்லாத 8-ஐ எழுதுகிறவர்கள் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் பேசுவதில்லை. இப்படி எழுதி எழுதியே என் கை விறைத்துப் போயிற்று. தூரிகை நடுங்கக் கூடாது என்று தோளையும் கழுத்தையும் பூட்டி வைத்துப் பழகியவன் நான். ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் எழுதினேன், ஒரு வண்டியையும் நிறுத்தியதில்லை. வேறு யாராவது கையைத் தூக்கும்வரை காத்திருந்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஏறிவிடுவேன். முப்பத்து மூன்று வயதுவரை அப்படியே ஓடிவிட்டது.

இளவேணி வந்த பிறகுதான் அது ஓடவில்லை.

அவள் கடை வாசலில் மொபெட்டை நிறுத்தி, நம்பரை அழித்து எழுதச் சொன்னாள். எழுதினேன். அடுத்த மாதமும் வந்தாள். நம்பர் மாறவில்லை, எழுத்தும் மங்கவில்லை. அழித்து அதையே எழுதினேன். மூன்றாவது முறை வந்தபோது, "போன தடவ எழுதினது நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. எழுதறப்ப பாக்கணும்" என்றாள்.

எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அவள் கை ஊரே பேசும் கை. ஒருமுறை சோம்பல் முறித்தபோது தற்செயலாக வலது கை மேலே போய்ப் பக்கவாட்டில் திறந்துவிட, பணிமனைக்குக் கழுவப் போய்க்கொண்டிருந்த பஸ் நின்றுவிட்டது. வழக்கத்தை மீற முடியாமல் அவளும் ஏறி, பஸ்ஸோடு சேர்ந்து நனைந்து திரும்பினாள். அப்படிப்பட்ட பெண்ணின் அப்பா மாப்பிள்ளையிடம் என்ன கேட்பார் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

எங்கள் ஊரில் சம்பந்தம் பேச வீட்டுக்குப் போவதில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் போகிறோம். பெண் வீட்டார் ஒரு பக்கம், பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், நடுவில் பஜ்ஜியும் கேசரியும். பெண்ணும் பிள்ளையும் ஆளுக்கொரு பஸ்ஸை நிறுத்திக் காட்ட வேண்டும். எனக்கு அப்பா அம்மா இல்லாததால் அக்கா வந்திருந்தாள். இளவேணி காலையிலேயே தன் பஸ்ஸை நிறுத்தி, ஏறி, அடுத்த நிறுத்தம்வரை போய் வந்துவிட்டாள். என் முறைக்கு டிரைவர் குப்புராஜ் ஓட்டி வரும் வண்டி. குப்புராஜ் எனக்கு வேண்டியவர்தான். அவர் பஸ்ஸின் நம்பர் பிளேட்டை எழுதியதும் நான்தான்.

கையைத் தூக்கினேன். பஸ் மெதுவானது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லாம் என் முழங்கையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். குப்புராஜ் என்னைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனார்.

"ரோடு சரிவா இருக்குக்கா. நிக்கவே தோதுப்படல" என்றேன்.

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்று அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

இளவேணியின் அப்பா மருதப்பன் கேசரியைத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பஸ்ஸ நிறுத்தத் தெரியாதவரு குடும்பத்த எங்க கொண்டு போயிச் சேர்ப்பாரு? ஆடி பொறக்கப் போவுது. ஆவணில ஒரு நல்ல நாளாப் பாத்து இன்னொரு வாட்டி வரோம். அப்பவும் நிக்கலன்னா பென்னாகரத்துல ஒரு வரன் இருக்கு. அவரு லாரியே நிறுத்தறாராம்."

இளவேணி என் பக்கம் வந்தாள். வாழைக்காய் பஜ்ஜி ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாளே பணிமனையில் ஜெசிந்தா டீச்சரிடம் சேர்ந்தேன். ஜெசிந்தா என்னைவிட ஒன்பது வயது இளையவர். பாண்டிச்சேரியில் பாலே படித்துவிட்டு, போக்குவரத்து வேலையில் நேராகக் கைப் பயிற்சிப் பிரிவுக்கு எடுக்கப்பட்டவர். வகுப்பு டயர் அறையில் நடந்தது. பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய கைப்பிடிக் கம்பியைச் சுவரோடு பொருத்தியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எதிர்ச்சுவர் முழுக்க பஸ்களின் பக்கக் கண்ணாடிகள். ஒன்றில் என் முழங்கை தெரிந்தது, ஒன்றில் காது, ஒன்றில் எனக்குப் பின்னால் நின்ற பால்காரர். முழுதாக என்னை எதிலும் பார்க்க முடியவில்லை. தெரிந்த துண்டுகள் எவையும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

"அண்ணா, கை தோள்ல ஆரம்பிக்குதுன்னு நெனக்கிறீங்க" என்றார் ஜெசிந்தா. "அது முதுகுல ஆரம்பிக்குது. பழைய சட்டை எந்த எடத்துல கிழியுது?"

முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கிழியும் என்று காட்டினேன்.

"அங்கதான். அங்கருந்து தூக்குங்க. தோளு கீழயே கெடக்கட்டும், அதுக்கு வேல இல்ல."

பிறகு என் தோளில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் வைத்தார். கையைத் திறந்து வைத்திருக்கும்போது அந்தச் சொட்டு தோளிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும், அங்கிருந்து நடுவிரல் நுனிக்கும் உருண்டு போக வேண்டும். நடுவில் விழக் கூடாது. பள்ளமும் மேடும் இல்லாமல் கை ஒரே சரிவாக இருந்தால்தான் அது போகும். என் சொட்டு தினமும் முழங்கையில் விழுந்தது. பால்காரரின் சொட்டு விரல் நுனிவரை போய், அங்கே யோசித்துவிட்டு, திரும்பித் தோளுக்கே வரும். அவர் பஸ்ஸுக்காகக் கற்கவில்லை. எருமைகளுக்காகக் கற்றார்.

ஆடி நடுவில் எனக்கு முழங்கை வந்தது. எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் காலை டீக்கடையில் கிளாஸை எடுக்கும்போது முழங்கை தானாக மேலே தாங்கி நின்றது. டீக்கடைக்காரர் இரண்டாவது டீயைக் கேட்காமலே போட்டுக் கொடுத்தார். அன்று வகுப்பில் எண்ணெய் நடுவிரல் நுனிவரை போய்ச் சேர்ந்தது. ஜெசிந்தா கை தட்டினார். நானும் தட்டியிருப்பேன், கை வேலையாக இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் நேராக நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். குப்புராஜ் வந்தார். கையை எடுத்தேன், கொண்டு போனேன், திறந்தேன். பஸ் ஊர்ந்தது. சக்கரம் கிட்டத்தட்ட நின்றது. கண்டக்டர் கதவில் கை வைத்தார். பிறகு பஸ் போய்விட்டது. போகும்போது குப்புராஜ் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கை வந்துடுச்சு தணிகாசலம். தலை எங்க?" என்று கேட்டார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். பென்னாகரத்துக்காரர் லாரியை நிறுத்துவதை நினைக்க நினைக்க அழுகை அதிகமானது.

"தலை கை போற பக்கம் போகணும் அண்ணா" என்றார் ஜெசிந்தா மறுநாள். "கை மேல போறப்ப கண்ணும் கூடப் போகணும். கை திறக்கிறப்ப, விரலுக்கு அந்தாண்ட யாரோ போறாங்க, அவங்கள அனுப்பி வெக்கிற மாதிரி கழுத்து நீளணும். நீங்க பஸ்ஸப் பாக்கறீங்க."

"பஸ்ஸப் பாக்காம பஸ் வருதுன்னு எப்படி டீச்சர் தெரியும்?"

"வருதுன்னு அதுக்குத் தெரியும். போதும்."

நான் பஸ்ஸைப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. நான் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். எந்த வண்டி வந்தாலும் என் கண் கீழே இறங்கி அங்கேதான் போகும். பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா, சேறு அடித்திருக்கிறதா, 8-க்கு இடுப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. கண் போனால் நெற்றி போகும், நெற்றி போனால் தலையும் போய்விடும். மேலே கை தனியாகத் திறந்துகொண்டிருக்கும். கீழே தலை எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருக்கும். இதை ஜெசிந்தாவிடம் சொன்னேன். பாண்டிச்சேரியில் இதற்குப் பாடம் இல்லை என்றார்.

ஆடி முடியும் சமயத்தில் இளவேணி கடைக்கு வந்தாள். மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்கி, வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் நம்பரை அழிக்கத் துணியை எடுத்தேன்.

"இன்னைக்கு வண்டிக்கு வேணாம்" என்றாள். "அப்பா பென்னாகரத்துக்குப் பேசிட்டு வந்துட்டாரு. ஒங்க தலை எங்க போவுதுன்னு ஊரே சொல்லுது. நெசமா?"

"நெசந்தான்."

"நம்பர் பிளேட் எங்க இருந்தாலும் போவுமா?"

"போகும்."

"கையக் குடுங்க."

என்னிடம் இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை அவளே தேடி எடுத்தாள். என் வலக்கை நடுவிரல் நகத்தில் வெள்ளை பூசி, காய ஊதி, கறுப்பில் தன் மொபெட்டின் நம்பரை எழுதினாள். மூன்று முறை நான் எழுதுவதைப் பார்த்தவள் என்பது தெரிந்தது. அவள் எழுதிய 8-க்கு இடுப்பு இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அன்றிலிருந்து தலை கையை விட்டு நகரவில்லை. கை தொப்புளுக்கு நேராக வந்தால் தலை சற்றுக் குனிந்து பார்த்தது. கை மேலே போனால் மேலே போனது. கை திறந்தால், எழுத்து தூரமாகப் போவதைச் சகிக்காமல் கழுத்து நீண்டது. டயர் அறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கண்ணாடிகளில் என் காதும் முழங்கையும் முதல் முறையாக ஒரே ஆளுடையவை போலத் தெரிந்தன. பால்காரர், "இப்பப் போயி எங்க எருமைங்க முன்னாடி செஞ்சு காட்டுங்க" என்று வற்புறுத்தினார். செய்து காட்டினேன். எருமைகள் மேய்வதை நிறுத்திவிட்டன.

ஆவணியில் நாள் பார்த்தார்கள். வளர்பிறை, புதன்கிழமை, காலை. அக்கா இந்த முறை கேசரியைப் பெரிய அண்டாவில் கிண்டி எடுத்து வந்தாள். நின்றால் எல்லோருக்கும் போதும், நிற்காவிட்டால் நமக்கே ஒரு வாரத்துக்கு ஆகும் என்றாள். மருதப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். இளவேணி அரக்குச் சேலையில் தூணருகே நின்றாள். பென்னாகரத்துக்காரரின் மாமா ஒருவரும் தகவலுக்காக வந்து ஓரமாக நின்றார். டீச்சர் வந்திருந்தார். பால்காரரும் வந்திருந்தார்.

பஸ்ஸின் ஹாரன் தூரத்தில் கேட்டபோதுதான் என் கையைப் பார்த்தேன். நல்ல காரியத்துக்குக் கிளம்பும் எந்தப் பெயின்டரும் செய்வதைத்தான் நானும் காலையில் செய்திருந்தேன். மண்ணெண்ணெய் தொட்டு இரண்டு கைகளையும் நகக்கண் வரை சுத்தமாகத் துடைத்திருந்தேன். நடுவிரல் நகம் குழந்தையின் நகத்தைப் போல வெறுமையாக இருந்தது.

இளவேணியைப் பார்த்தேன். அவளும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் அவள் முகம் மாறியது. பிறகு சிரித்தாள். சேலைத் தலைப்புக்கு அடியில் தன் கையை மெல்ல மூச்சு விடுவதுபோல ஒருமுறை அசைத்தாள். மூச்சு விடச் சொல்கிறாள் என்று புரிந்தது. விட்டேன்.

சட்டை கிழியும் இடத்திலிருந்து கையை எடுத்தேன். தோள் கீழேயே கிடந்தது. கை தொப்புளுக்கு நேராக வந்தபோது தலை குனிந்து, நகத்தில் நம்பர் இருந்த இடத்தைப் பார்த்தது. நம்பர் இல்லை, ஆனால் அது எங்கே இருந்தது என்று தலைக்குத் தெரிந்திருந்தது. முதல் 4-இன் கால் எங்கே முடிந்தது, 8-இன் இடுப்பு எங்கே ஒடுங்கியது என்று எல்லாம் தெரிந்திருந்தது. கை மேலே போனது. தலை கூடப் போனது. கை திறந்தது. விரலுக்கு அந்தாண்டை வானம் இருந்தது, அதில் ஒரு கொக்கு போய்க்கொண்டிருந்தது. அதை அனுப்பி வைத்தேன். கழுத்து நீண்டது. ரோடு, சரிவு, பென்னாகரத்து மாமா எதுவும் நினைவில் இல்லை. நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கட்டும் என்று விரல்களைக் கடைசியாக விட்டேன்.

பிரேக் போடும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட நீளமான சத்தம். பிறகு தண்ணீர் சொட்டும் சத்தம். முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது, அதில் உப்பு இருந்தது. நான் பார்க்கவில்லை. தூக்குவதில் பாதி இறக்குவது என்று டீச்சர் சொல்லியிருந்தார். கையை அவசரமில்லாமல் வந்த வழியே இறக்கி, தொடையருகே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் திரும்பினேன்.

கப்பல் நின்றிருந்தது. மூன்று அடுக்கு, வெள்ளை நிறம். முன்பகுதி டீக்கடைக்கு நேராகவும் பின்பகுதி ரேஷன் கடையைத் தாண்டியும் இருந்தது. அதன் பின்னால் குப்புராஜின் பஸ் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. குப்புராஜ் இறங்கி நடந்து வந்து, "இப்ப வந்துச்சு பாரு தலை" என்று சொல்லி என் முதுகில் தட்டினார்.

மருதப்பன் எழுந்து கப்பலின் அருகே போனார். மேலே பார்த்து, "பாலக்கோடு வழியாப் போவுமா?" என்று கேட்டார்.

"போவும், போவும். அண்டாவ வழியில வெக்காதீங்க. உள்ள தள்ளிப் போங்க" என்றார் மேலிருந்து கண்டக்டர்.

மருதப்பன் திரும்பி வந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நின்னுச்சு. நின்னா சரி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏறுங்க மாப்ள, நிறுத்திட்டு ஏறாம நிக்கக் கூடாது" என்றார்.

மாப்ள என்றதும் அக்கா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அண்டாவை ஒரு பக்கம் தூக்கினாள். பால்காரர் இன்னொரு பக்கம் தூக்கினார். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், ஜெசிந்தா டீச்சர், பஜ்ஜிக்காரர் எல்லோரும் வரிசையாக ஏறினார்கள். பென்னாகரத்து மாமாவும், அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஏறிக்கொண்டார்.

நான் கடைசியில் ஏறினேன். உள்ளே நல்ல கூட்டம். இளவேணி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் எனக்குக் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். கர்ச்சீப்பை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

வண்டியின் நம்பரைப் பார்க்காமல் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. அக்கா பார்த்திருக்கிறாள். பின்னால் பிளேட் இருந்ததாம். எழுத்து என்னுடையதுதானாம்.